பால் கக்கும் குழந்தையும் ‘ஆசிட்’ பயமும்

இரண்டு மாதக் குழந்தை ஒன்று பால் குடித்து முடித்ததும் வாயோரம் கொஞ்சம் வழியவிட்டுச் சிரிக்கிறது. இன்னொரு குழந்தை சாயங்காலம் ஆனால் முதுகை வளைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அழுகிறது. வேறொரு குழந்தை குடித்த பால் முழுவதையும் பீய்ச்சி அடிக்கிறது. இந்த மூன்றுக்கும் இப்போது ஒரே பெயர்தான் சொல்கிறார்கள்: ‘ரிஃப்ளக்ஸ் இருக்கு, ஆசிட் மேலே வருது.’

முதல் குழந்தைக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. இரண்டாவது குழந்தையின் அழுகைக்கு ஆசிட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்றாவது குழந்தையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் பேசுவதால், நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கு மருந்து போகிறது. உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் குழந்தையை ‘எல்லாக் குழந்தையும் கக்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

## பால் ஏன் மேலே வருகிறது?

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் சின்னத் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சரியாகத் திருகாமல் பைக்குள் படுக்கவைத்தால் என்ன ஆகும்? பை நனையும். பாட்டில் சின்னது, அளவுக்கு நிறைந்திருக்கிறது, படுத்த நிலையில் இருக்கிறது, மூடியும் இறுக்கமாக இல்லை. கைக்குழந்தையின் வயிற்றிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது.

வாயிலிருந்து வயிற்றுக்குப் போகும் குழாய்க்கு உணவுக்குழாய் என்று பெயர். அது போய்ச் சேரும் பை, இரைப்பை. இரண்டும் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும் அந்தத் தசைதான் சுருக்குத்தசை. இரைப்பையில் இருப்பது இந்தத் தசையைத் தாண்டி மேலே வருவதை எதுக்களிப்பு என்கிறோம். ரிஃப்ளக்ஸ் என்பதும் அதுவே. மேலே வந்தது வாய்வரை வந்து வெளியே வழிந்தால், கக்குகிறது என்கிறோம்.

நிறைந்திருப்பதை முதலில் பார்ப்போம். பாலை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தை ஒரு நாளைக்குத் தன் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 150 மில்லி குடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெரியவர் அதே கணக்கில் குடிப்பதாக இருந்தால் ஒரு நாளைக்கு 9 லிட்டர் குடிக்க வேண்டும். அதையும் படுத்துக்கொண்டே குடித்து, படுத்துக்கொண்டே செரிக்க வேண்டும். அப்படி யோசித்தால், கொஞ்சம் வெளியே வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூடி விஷயத்தில் மட்டும் பாட்டில் உவமை முழுதாகப் பொருந்தாது. குழந்தையின் சுருக்குத்தசை எந்நேரமும் தளர்ந்து கிடப்பதில்லை. பெரும்பாலான நேரம் மூடித்தான் இருக்கிறது. ஆனால் இரைப்பை பாலாலும் காற்றாலும் விரியும்போது, விழுங்காத நேரத்திலும் சில நொடிகள் தானாகத் திறந்துகொள்கிறது. இது நமக்கும் நடப்பதுதான். ஏப்பம் வருவதே இப்படித்தான். நமக்குக் காற்று மட்டும் வெளியேறுகிறது. குழந்தைக்கு உணவுக்குழாய் குட்டையானது, வயிறு முழுக்கத் திரவம், ஆகவே காற்றோடு பாலும் வந்துவிடுகிறது. அந்த உடலமைப்பில் இது கோளாறு ஆகாது.

அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், முதல் 3 மாதங்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினமும் ஒருமுறையாவது கக்கின. 4 மாதத்தில் அது மூன்றில் இரண்டு பங்கானது. 10 முதல் 12 மாதத்தில் வெறும் 5 சதவீதம். குழந்தை உட்காரப் பழகுகிறது, கூழும் சோறும் சாப்பிடுகிறது, உணவுக்குழாய் நீள்கிறது. அதோடு கக்குவதும் தானாக நின்றுவிடுகிறது. நான்காம் மாதத்தில் அதிகமாவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அது குறைவதற்கு முந்தைய உச்சம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கக்குவது இயல்பு, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நடப்பது, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடுவது.

## அப்படியானால் ஆசிட் எங்கே வருகிறது?

இரைப்பை அமிலம் பிறந்த குழந்தைக்கும் சுரக்கிறது. ஆனால் பால் அமிலத்தை மட்டுப்படுத்தும். பால் குடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் இரைப்பையில் இருப்பதன் அமிலத்தன்மை மிகக் குறைவாகவே இருக்கும். குழந்தைகள் அதிகமாகக் கக்குவதும் அந்த நேரத்தில்தான். அதனால் மேலே வருவதில் பெரும்பகுதி பால்தான். பெரியவர்களுக்குக் காரமாகச் சாப்பிட்டபின் நெஞ்செரிச்சல் வருமே, அந்த அனுபவத்தை அப்படியே குழந்தைமேல் ஏற்றிப் பார்ப்பதால்தான் ‘ஆசிட்’ என்ற பயம் வருகிறது.

இன்னொரு பயம், தயிர் தயிராக வருவது. ‘பால் செரிக்கவில்லை, வயிற்றிலேயே கெட்டுப்போயிருக்கிறது’ என்பார்கள். உண்மை நேர்மாறானது. இரைப்பைக்குள் போன பால் திரிவது செரிமானத்தின் முதல் படி. குடித்த உடனே கக்கினால் பாலாக வரும், அரைமணி கழித்துக் கக்கினால் திரிந்து வரும். கொஞ்சம் புளித்த வாடையும் இருக்கும்.

சில குழந்தைகளுக்கு மட்டும் இந்த எதுக்களிப்பு தொந்தரவு கொடுக்கிறது. உணவுக்குழாய் புண்ணாகலாம், எடை ஏறாமல் போகலாம், குழந்தை பாலையே மறுக்கலாம், அடிக்கடி நுரையீரலில் தொற்று வரலாம். அப்போதுதான் அதை எதுக்களிப்பு நோய் என்கிறோம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், மூளை நரம்பு பாதிப்பு உள்ளவர்கள், உணவுக்குழாயில் பிறவிக் குறைக்காக அறுவை செய்துகொண்டவர்கள் ஆகிய குழந்தைகளுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். மற்றபடி நன்றாகப் பிறந்து நன்றாக வளரும் குழந்தைக்கு இது அபூர்வம்.

## அழுகையை என்ன செய்வது?

உண்மையில் பெற்றோரை மருந்துக் கடைக்கு விரட்டுவது கக்குவதைவிட அழுகைதான். கக்கவே கக்காத குழந்தை அழுதால்கூட, ‘வெளியே தெரியாத ரிஃப்ளக்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். முதுகை வளைப்பது, கால்களை மடக்குவது, முகம் சிவப்பது எல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடுகின்றன. ஆனால் பசி, தூக்கக் கலக்கம், சூடு, வயிற்றில் காற்று எதுவானாலும் குழந்தைக்குத் தெரிந்த மொழி இது ஒன்றுதான். வளைந்து அழுவதை மட்டும் வைத்து எதுக்களிப்பு நோய் என்று முடிவு செய்ய முடியாது.

நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகையும் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்குகிறது. இந்த இடைவெளியில் எந்த மருந்தைக் கொடுத்தாலும், எந்தக் கயிற்றைக் கட்டினாலும், ‘அதனால்தான் சரியானது’ என்று தோன்றும். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பால் குடித்தபின் அழுது அடம்பிடித்த, எதுக்களிப்பு நோய் என்று கருதப்பட்ட 162 குழந்தைகளில் ஒரு பாதிக்கு அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல் மருந்தும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. மருந்து குடித்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு அழுகை குறைந்தது. போலி மருந்து குடித்தவர்களிலும் அதே 54 சதவீதம். கீழ்ச் சுவாசத் தொற்று மட்டும் மருந்து குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது.

அமிலத்தை வேண்டாத பொருளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். வாய் வழியாகப் போகும் கிருமிகளைத் தடுக்கும் முதல் காவல் அதுதான். அதை அடக்கினால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

## துணியைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள்

‘குடிச்சது எல்லாம் வெளியே வந்துடுது’ என்று சொல்லாத அம்மா இல்லை. ஒரு மேசைக்கரண்டி பாலை உங்கள் தோளில் கிடக்கும் துணியில் ஊற்றிப் பாருங்கள். அது வெறும் 15 மில்லி. பார்த்தால் அரை டம்ளர் கொட்டியதுபோல இருக்கும்.

எவ்வளவு வெளியே வந்தது என்பதைவிட எவ்வளவு உள்ளே தங்கியது என்பதே முக்கியம். அதைச் சொல்வது எடை. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடுவது வழக்கம். ஏறக்குறைய ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும். தமிழ்நாட்டில் என்றால், தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தடுப்பூசிப் பக்கம் மட்டும் நிறைந்திருக்கும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாதம் ஒருமுறை எடை பார்த்து அந்தக் கோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால், கக்கியபின் குழந்தை வழக்கம்போல விளையாடினால், எத்தனை துணி நனைந்தாலும் கவலை வேண்டாம்.

## தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

வாந்தி இலைப்பச்சை நிறத்தில் வந்தால் நேராகக் குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தப் பச்சை, பித்தநீர். குடல் முறுக்கிக்கொண்டு வழி அடைபட்டிருக்கலாம். முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் குடலையே இழக்க நேரிடும். ‘காலையில் போகலாம்’ என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, பீய்ச்சி அடிக்கும் வாந்தி. பிறந்து மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், ஒவ்வொரு முறை குடித்தபின்னும் பால் தூரமாகப் போய் விழுகிறது. வாந்தி எடுத்த கையோடு குழந்தை மறுபடி பசித்து அழுகிறது. நாளுக்கு நாள் மெலிகிறது. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலில் உள்ள தசை தடித்து அடைத்துக்கொள்வதால் இப்படி ஆகும். ஆண் குழந்தைகளுக்கு அதிகமாக வரும். சிறிய அறுவையில் முழுமையாகக் குணமாகிவிடும். ஆனால் உடல் வற்றிப்போகும்வரை விட்டுவிடக் கூடாது.

வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற நிறமோ தெரிவது, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, குழந்தை துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது இவற்றில் எது இருந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்கு வாந்தி என்பது ரத்தத்தில் தொற்று, சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் முதல் அடையாளமாகக்கூட வரும்.

எடை ஏறவில்லை என்றாலோ, ஆறு மாதம்வரை கக்காமல் இருந்த குழந்தை புதிதாகக் கக்கத் தொடங்கினாலோ, ஒரு வயது தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தமோ சளியோ போய், உடம்பில் சொறி சொறியாகத் தோல் தடித்தும் இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். பார்ப்பதற்கு எதுக்களிப்பு போலவே இருக்கும், வைத்தியம் வேறு.

சாதாரணக் கக்கல் வலிக்காமல் வாயோரம் வழிவது, நிறம் பாலின் நிறம், குழந்தை வளர்கிறது. பச்சை, ரத்தம், பீய்ச்சல், துவளல், எடைக் குறைவு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது சாதாரணம் இல்லை.

## வீட்டில் என்ன செய்யலாம்?

பால் கொடுக்கும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். அழுது அழுது பசி முற்றியபின் கொடுத்தால் குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கும். கொஞ்சம் முன்பே கொடுங்கள். மார்பைச் சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். காம்பை மட்டும் பிடித்திருந்தால் காற்று போகும். புட்டிப்பால் என்றால், ரப்பரின் ஓட்டை பெரிதாக இருந்தால் பால் கொட்டும், குழந்தை நிறுத்தவும் முடியாமல் விழுங்கும். ‘இந்த முப்பது மில்லியையும் முடிச்சுடு கண்ணு’ என்று ஊட்டாதீர்கள். வாயைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். ஒரே தடவை அதிகமாகக் கொடுப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது நல்லது.

குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருங்கள். தூளியில் உடனே போடாதீர்கள்: தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும், வயிறு அழுந்தும், தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்கும் சிரமம். குளிப்பாட்டுவதை, எண்ணெய் தேய்ப்பதைப் பால் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுத் தேய்த்தால் கக்காமல் என்ன செய்யும்? தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதை மட்டும் எந்தப் பெரியவர் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். தொண்டை புண்ணாகும், தொற்று வரும்.

தூங்கவைப்பதில்தான் பெரிய பயம் இருக்கிறது: ‘மல்லாக்கப் படுத்தால் கக்கினது புரையேறிடாதா?’ ஏறாது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் மூச்சுக்குழாய் பள்ளத்தில் வருகிறது. அமெரிக்காவில் 1994 முதல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கக்கும் குழந்தைக்கும் இதே விதிதான்: மல்லாக்க, சமதளமான, உறுதியான படுக்கை. தலைப்பக்கம் தலையணை வைத்து உயர்த்துவதால் பயன் இல்லை; குழந்தை சரிந்து கழுத்து மடங்கும் ஆபத்துதான் கூடும். ‘ரிஃப்ளக்ஸ் தலையணை’ என்று விற்பதை வாங்காதீர்கள். சாய்வாகத் தூங்கவைக்கும் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்திருக்கிறது.

அப்புறம், தாயின் சாப்பாடு. குழந்தை கக்கினால் முதலில் குற்றம் சாட்டப்படுவது அம்மா சாப்பிட்டதுதான். பலாப்பழம், உருளைக்கிழங்கு, காரக் குழம்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் பிள்ளை பெற்றவள் ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நன்றாகச் சாப்பிட வேண்டிய நேரத்தில் அவளைப் பட்டினி போடாதீர்கள். பசும்பால் ஒவ்வாமை என்று மருத்துவர் சந்தேகித்தால் மட்டும், இரண்டு முதல் நான்கு வாரம் பாலும் பால் பொருள்களும் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். அதற்காகவும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ராகிக்கூழோ அரிசி மாவோ கலந்து பாலைக் கெட்டியாக்க வேண்டாம். கிரைப் வாட்டர் எதுக்களிப்புக்கு எதுவும் செய்யாது. வசம்பு உரசி நாக்கில் தடவுவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1968இலேயே தடை செய்தது. அதிகமானால் வாந்தியும் வலிப்பும் வரக்கூடும். வாந்திக்காகவே அதைக் கொடுப்பது இன்னும் கொடுமை.

## மருந்து யாருக்கு?

மேலே சொன்ன எதுக்களிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு மருந்து தேவைப்படும். உணவுக்குழாயில் புண் இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை நான்கு முதல் எட்டு வாரம்வரை கொடுத்துப் பார்ப்பார்கள். அது கக்குவதை நிறுத்தாது. வருவதன் அமிலத்தைத்தான் குறைக்கும். துணி நனைவது நிற்கும் என்று எதிர்பார்த்து அந்த மருந்தை வாங்கினால் ஏமாற்றமே.

வாந்தியை நிறுத்துவதற்கான டோம்பெரிடோன் சொட்டு மருந்தைப் பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. ஐந்து கிலோ எடையுள்ள உடம்பில் அளவு கொஞ்சம் கூடினாலும் பெரிய வித்தியாசம். மருத்துவர் அந்தக் குழந்தையைப் பார்த்து எழுதாமல் கொடுக்கவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது எடைக் குறிப்பு உள்ள அட்டையைக் கொண்டுபோங்கள். குழந்தை கக்குவதையோ அழுவதையோ போனில் எடுத்த ஒரு சிறு வீடியோ, நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அதிகமாகச் சொல்லும். வாந்தி வேறு நிறத்தில் இருந்தால் அந்தத் துணியையே எடுத்துப் போங்கள். மருந்து எழுதினால், எதற்காக, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். நிறுத்தும் தேதியையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.